சூரியகாந்தி விதைப்புக்கு ஒரு தேதி போதாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உறைபனி விழும் பகுதிகளில் சூரியகாந்தி பயிரிடுவோருக்குச் சொல்லப்படும் அறிவுரை, பெரும்பாலும் 'வசந்தகாலத்தின் கடைசி உறைபனி நாள் கழிந்ததும் விதையுங்கள்' என்ற அளவிலேயே நின்றுவிடுகிறது. அந்த நாள் பொதுவாகப் பல ஆண்டுப் பதிவுகளின் சராசரிதான் என்பதையும், ஏறக்குறைய பாதி ஆண்டுகளில் அதற்குப் பிறகும் உறைபனி விழக்கூடும் என்பதையும் யாரும் எடுத்துச் சொல்வதில்லை. வானிலை நிலையத்தின் வெப்பமானி தரையிலிருந்து ஓர் ஆள் உயரத்தில் இருக்கிறது. மேகமும் காற்றும் இல்லாத இரவில் நாற்று நிற்கும் தரைமட்டம் அதைவிடச் சில டிகிரி குளிர்ந்துவிடும், குளிர்காற்று வழிந்து தேங்கும் பள்ளமான வயல்களில் நிலைமை இன்னும் மோசம்.

அதற்காக விதைப்பைத் தள்ளிக்கொண்டே போகவும் வேண்டியதில்லை. விதையிலைப் பருவத்தில் சூரியகாந்தி லேசான உறைபனியைத் தாங்கிவிடும். சில ஜோடி இலைகள் விட்ட பிறகுதான் அந்தத் தாங்கும் திறன் குறைகிறது. மக்காச்சோளத்தின் வளர்நுனி முளைத்த பின்னும் சில வாரங்கள் மண்ணுக்குள் பத்திரமாக இருக்க, சூரியகாந்தியின் வளர்நுனியோ முளைத்த நாள் முதலே இரு விதையிலைகளுக்கு நடுவில் வெளியே நிற்கிறது. எனவே, பனி விழுந்த மறுநாளே பயிரை அழித்து உழுதுவிடாமல், சில நாள் பொறுத்து, அந்த நடுக்குருத்து பச்சையாக இருக்கிறதா என்று குனிந்து பார்த்து முடிவெடுப்பதே முறை.

விதைக்கும் நாளைத் தீர்மானிப்பதில் தேதியைவிட மண்ணின் வெப்பமே முக்கியம் என்பது என் உறுதியான கருத்து. விதை விழும் ஆழத்தில் அது 10 டிகிரி செல்சியஸை எட்டாவிட்டால் முளைப்பு இழுத்துக்கொண்டே போகும். ஈரமும் குளிரும் சேர்ந்த மண்ணில் விதை அழுகுவதோடு அடிச்சாம்பல் நோயும் தொற்றும்.

பருவத்தின் மறுமுனையையும் பார்க்க வேண்டும். பூத்தட்டின் பின்புறம் மஞ்சளாகி, ஓரச் செதில்கள் பழுப்பாகும் முன் உறைபனி விழுந்தால் விதையின் எடையும் எண்ணெய்ச் சத்தும் குறையும், அதன்பின் விழுந்தால் கேடில்லை. ஆகவே, இலையுதிர்காலத்தின் முதல் உறைபனி நாளிலிருந்து ரகத்தின் வயதைப் பின்னோக்கிக் கணக்கிட்டாக வேண்டும்.

தங்கள் வேளாண் பக்கத்தில் சராசரித் தேதியுடன், பத்தில் ஓர் ஆண்டில் மட்டுமே அதற்குப் பிறகும் உறைபனி விழும் தேதியையும், அன்றன்றைய மண் வெப்பத்தையும் சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்