அந்த 5 மில்லிகிராமைப் பற்றிப் பேசுவோமா, டாக்டர்?

லூபஸ் முதலான தன்னுடல் தாக்கு நோய்களுக்கு வைத்தியம் பார்க்கும் மூட்டுவாத நோய் மருத்துவர்களுக்கு,

வணக்கம்.

இன்று காலையும் பிரட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையை நகத்தால் உடைத்தேன். நடுவில் கோடு போட்டுத்தான் தருகிறார்கள். ஆனால் அது ஒருநாளும் கோட்டோடு உடைந்ததில்லை. பெரிய துண்டு இன்றைக்கு, சின்னது நாளைக்கு. மேசையில் சிந்திய தூளை விரல் நுனியில் ஒற்றி நாக்கில் வைத்துக்கொண்டேன். கசப்பு எப்போதோ பழகிவிட்டது. 2010இல் எனக்கு லூபஸ் என்று சொன்னபோது வயது 23.

கொஞ்ச காலமாக வீட்டில் ஆளாளுக்கு ஒரே செய்தியை எனக்கு அனுப்புகிறார்கள். "உன் நோய்க்கு மருந்து வந்துடுச்சாமே, பாத்தியா?" கார்-டி செல் சிகிச்சையைப் பற்றிய செய்தி அது. பார்த்தேன். உங்களில் பலர் பார்க்கும் முன்பே பார்த்திருப்பேன். நோயாளிக்கு இரவு நீளம். இந்தக் கடிதம் அதைக் கேட்டு எழுதியது அல்ல, தினமும் விழுங்கும் ஸ்டீராய்டைக் குறைப்பதைப் பற்றியது. ஆனால் அதைச் சொல்லாமல் நான் கேட்க வந்ததைச் சொல்லவும் முடியாது.

ஜெர்மனியின் எர்லாங்கனில் கியோர்க் ஷெட் குழுவினர் 2021இல் 20 வயதுப் பெண் ஒருத்திக்கு அதைக் கொடுத்தார்கள். சிறுநீரகம், இதய உறை, நுரையீரல் உறை என்று லூபஸ் அவள் உடம்பில் பல இடங்களைப் பிடித்திருந்தது. இருக்கிற மருந்துகள் கைவிட்டிருந்தன. அவளுடைய ரத்தத்திலிருந்தே டி செல்களைப் பிரித்தெடுத்து, சிடி19 என்ற அடையாளம் உள்ள பி செல்களைத் தேடிப்போய் அழிக்கும்படி மரபணுவை மாற்றி, பெருக்கி, திரும்பச் செலுத்தினார்கள். நம் உடம்பையே எதிரியாக நினைத்து எதிர்ப்பொருள் செய்யும் கூட்டம் அந்த பி செல் வம்சத்தில் வருவது. 2024இல் அதே குழு 15 பேரின் கணக்கை வெளியிட்டது. 8 பேருக்கு லூபஸ், 3 பேருக்குத் தசை அழற்சி, 4 பேருக்குத் தோல் இறுகும் ஸ்க்ளெரோடெர்மா. லூபஸ்காரர்கள் எட்டுப் பேருக்கும் நோய் அடங்கியது. 15 பேரும் நோய் எதிர்ப்பை அடக்கும் மருந்துகளை நிறுத்திவிட்டார்கள். எனக்கு இன்னும் ஆச்சரியமாக இருப்பது வேறொன்று: சில மாதங்களில் பி செல்கள் மறுபடி முளைத்தன, நோய் மட்டும் கூடவே வரவில்லை.

அதைப் படித்த அன்று அழுதேன், மறைக்க ஒன்றுமில்லை. அழுது முடித்து மறுபடி படித்தபோது 15 என்ற எண் கண்ணில் பட்டது. செல்களைச் செலுத்தும் முன் சில நாள் கீமோ கொடுக்க வேண்டும் என்பதும் பட்டது. ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு இல்லை என்பதும்தான்.

ஏற்கனவே வந்துவிட்ட மருந்துகளின் கதையும் தலைப்புச் செய்தி சொல்வதைவிடச் சுவையானது. ஹைட்ராக்சிகுளோரோகுயின் 1955இல் லூபஸுக்கு அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அடுத்த மருந்தான பெலிமுமாப் வந்தது 2011இல். இடையில் அரை நூற்றாண்டுக்கு மேல் வறட்சி. பிறகு 2021இல், ஒரே வருடத்தில், சிறுநீரக லூபஸுக்கு வோக்ளோஸ்போரின், அழற்சியைத் தூண்டும் இன்டர்ஃபெரானின் வாசலை அடைக்கும் அனிஃப்ரோலுமாப் என்று இரண்டு. அனிஃப்ரோலுமாப் பெரிய ஆய்வு ஒன்றில் தோற்று, அளவுகோலை மாற்றிக்கொண்ட அடுத்த ஆய்வில் ஜெயித்தது. அந்த ஜெயித்த ஆய்விலும் மருந்து போட்டவர்களில் 47.8 சதவீதம் பேருக்குப் பலன், மருந்தில்லாத வெறும் ஊசி போட்டவர்களில் 31.5 சதவீதம் பேருக்கு. நூற்றுக்குப் பதினாறு பேர் வித்தியாசம். அந்தப் பதினாறில் ஒருத்திக்கு அது வாழ்க்கை, குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் "மருந்து வந்துடுச்சாமே" என்பதற்கும் இந்தப் பதினாறுக்கும் நடுவில் உள்ள தூரத்தை எங்களுக்குச் சொல்ல உங்களைத் தவிர வேறு ஆள் இல்லை. பி செல்களை அழிக்கும் ரிட்டுக்சிமாப் லூபஸ் ஆய்வுகளில் தோற்றதும், அதே இலக்கைக் குறிவைத்து பி செல்களை இன்னும் ஆழமாகத் துடைக்கும் ஒபினுடுசுமாப் 2025 அக்டோபரில் சிறுநீரக லூபஸுக்கு அனுமதி பெற்றதும் ஒரே கதையின் இரண்டு பாதிகள். இதை யாராவது ஐந்து நிமிடம் உட்காரவைத்துச் சொன்னால் நாங்கள் செய்திக்குப் பின்னால் ஓடமாட்டோம்.

இனி என் விஷயம்.

முதல் வருடம் எனக்கு 60 மில்லிகிராம் ஸ்டீராய்டு. அது என்னைக் காப்பாற்றியது. 1948இல் ஃபிலிப் ஹென்ச் முடக்குவாத நோயாளிக்கு முதல்முறை கார்டிசோன் போட்டு, படுத்தவர் நடந்ததைப் பார்த்து உலகம் வாய்பிளந்தது, 1950இல் அவருக்கு நோபலும் கிடைத்தது. ஏன் என்று என் உடம்புக்குத் தெரியும். முகம் உருண்டு, அடையாள அட்டையில் இருப்பது நான்தானா என்று கேட்கும் அளவுக்குப் போனபோதும் குறை சொல்லவில்லை. பிறகு அளவைக் குறைத்துக் குறைத்து 10க்கு வந்தார்கள். அங்கேயே நின்றது, 9 வருடம். ஒவ்வொரு முறையும் ரிப்போர்ட்டைப் புரட்டிவிட்டு, "நல்லாத்தானே இருக்கீங்க, அப்படியே கன்டினியூ பண்ணுங்க" என்பார் அப்போதைய மருத்துவர். நல்லாத்தான் இருந்தேன். 2019இல் ஒருநாள் படியில் கால் வைத்தபோது இடுப்பில் சுருக்கென்று பிடித்தது. தொடை எலும்பின் தலைக்கு ரத்தம் போகாமல் எலும்பு செத்திருந்தது. 32 வயதில் செயற்கை மூட்டு. முதல் வருடத்து 60 காரணமா, பின்னால் வந்த 10 காரணமா, நோயே காரணமா என்று பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது. எனக்குக் கோபம் அந்த எலும்பின் மேல் இல்லை. "அப்படியே" என்ற சொல்லின் மேல்.

அடுத்துப் பார்த்த மருத்துவர் மருந்துச் சீட்டின் மேல் மூலையில், என் பெயருக்குப் பக்கத்தில், "இலக்கு 5" என்று எழுதி வட்டமிட்டார். எனக்கு முன்னால் வைத்து எழுதினார். அவ்வளவுதான் செய்தார். அதன் பிறகு ஒவ்வொரு முறையும் எங்கள் பேச்சு அந்த வட்டத்திலிருந்துதான் தொடங்கும். இரண்டு தடவை நோய் தலைதூக்கி மேலே போனோம், திரும்ப இறங்கினோம். கூட, நோய் எதிர்ப்பை அடக்கும் அசதையோபிரின் மாத்திரை சேர்ந்தது. புதிய ஊசி எதுவும் எனக்குத் தேவைப்படவில்லை.

இது அவர் கண்டுபிடித்த எண் அல்ல என்று பிறகு தெரிந்துகொண்டேன். ஐரோப்பிய மூட்டுவாத நோய்ச் சங்கத்தின் 2023 பரிந்துரையில், தொடர்ந்து எடுக்கும் ஸ்டீராய்டு நாளொன்றுக்கு 5 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது, முடிந்தால் நிறுத்த வேண்டும் என்று இருக்கிறது. அமெரிக்கச் சங்கம் 2024இல் சிறுநீரக லூபஸுக்கு 6 மாதத்துக்குள் 5க்கு இறக்கச் சொன்னது. லூபஸ் அடங்கிவிட்டது என்று உலக அளவில் ஒப்புக்கொண்ட வரையறைக்குள்ளேயே இந்த 5 உட்கார்ந்திருக்கிறது. அதாவது 10 மில்லிகிராமில் நன்றாக இருப்பவள் அந்தக் கணக்குப்படி இன்னும் அடங்காத நோயாளி. நான் 9 வருடம் அப்படித்தான் இருந்தேன், அது தெரியாமல்.

ஆகவே கேட்கிறேன். சீட்டில் அந்த எண்ணை எழுதுங்கள், எழுதும்போது எங்களையும் பார்க்கவையுங்கள். குறைக்க முடியாத நிலை என்றால் ஏன் என்று சொல்லுங்கள், தாங்கிக்கொள்வோம். நாங்களாகத் திடீரென்று நிறுத்தினால் உடம்பு சொந்தமாக ஸ்டீராய்டு சுரக்க மறந்திருக்கும், அது உயிருக்கே ஆபத்து என்பதையும் அந்தப் பேச்சிலேயே சொல்லிவிடுங்கள். முகம் வீங்குகிறது என்று ராத்திரியோடு ராத்திரியாக மாத்திரையைக் குப்பையில் போட்ட பெண்களை எனக்குத் தெரியும்.

ஹைட்ராக்சிகுளோரோகுயினை நானே 4 மாதம் விட்டிருந்தேன். "மலேரியா மாத்திரை எனக்கு எதற்கு" என்பதுதான் காரணம், வேறில்லை. நோய் திரும்பாமல் பிடித்து வைப்பதும், கர்ப்ப காலத்திலும் விடாமல் எடுக்கச் சொல்வதும் அதைத்தான் என்று யாரும் சொல்லியிருக்கவில்லை. கண்ணைக் கெடுக்கும் என்பதை மட்டும் பக்கத்து இருக்கைக்காரர் சொல்லியிருந்தார். எடைக்கேற்ற அளவும் 5 வருடத்துக்குப் பின் வருடாவருடம் விழித்திரைப் பரிசோதனையும் இருந்தால் பயம் குறைவு என்பதை அவர் சொல்லவில்லை, அவருக்கும் தெரியாது.

சிறுநீரை வலி இருந்தால்தான் சோதிக்க வேண்டும் என்று நினைக்கும் நோயாளிகள் ஏராளம். லூபஸ் சிறுநீரகத்தைத் தின்னும்போது வலிக்காது. கழிவறையில் தங்கும் நுரையைத்தான் பார்க்கலாம், அதையும் கவனிக்கச் சொல்லிக்கொடுத்தவர்கள்தான் பார்ப்பார்கள். விலையுயர்ந்த புதிய மருந்துகள் எல்லாம் சிறுநீரில் ஒழுகும் புரதத்தை முன்கூட்டியே பிடித்தவர்களுக்கு அதிகம் உதவும். அதைப் பிடிப்பது ஒரு சின்னக் குப்பி.

லூபஸ்காரர்கள் எங்களுக்காவது பேச இத்தனை இருக்கிறது. ரத்தக்குழாய் அழற்சிக்காரர்களுக்கு ஸ்டீராய்டைக் குறைக்க உதவும் அவகோபான் 2021இல் வந்தது. வாயும் கண்ணும் வறண்டுபோகும் ஷோக்ரென் நோய்க்காரர்கள் இன்னும் செயற்கைக் கண்ணீர்க் குப்பியோடுதான் காத்திருக்கிறார்கள். "சும்மா வறட்சிதானே" என்று அவர்களிடம் மட்டும் தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள்.

அடுத்த வாரம் நான் மருத்துவரைப் பார்க்கும் நாள். சிறுநீர்க் குப்பியைக் கேட்காமலே தருகிறார்களா என்று பார்க்கப்போகிறேன். மாத்திரைத் துண்டுகளை ஒரு சின்ன டப்பாவில் போட்டு எடுத்துப்போவேன். பாதியை எப்போது நிறுத்தலாம் என்று கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
2.5 மில்லிகிராமில் இருக்கும் ஒரு லூபஸ் நோயாளி