ஒரு மாதத்தில் ஐந்து கிலோவா?

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு இணைப்பில், இரவுச் சாப்பாட்டை நிறுத்தினால் குண்டான பிள்ளை ஒரு மாதத்தில் 5 கிலோ குறையும் என்று ஒரு துணுக்கு. அதற்கு எதிர்ப்பக்கத்தில் அரைப்பக்கம் மோல்ட் பால்மா விளம்பரம். பக்கம் அமைத்தவரின் நகைச்சுவைக்கு என் பாராட்டுகள்.

வளர்கிற பிள்ளைக்குப் பெரும்பாலும் எடை குறையவே தேவையில்லை, ஏறாமல் நின்றால் போதும். தங்களுக்குத் தெரியாததல்ல, இருந்தாலும் கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன். 8 வயதுப் பையன், உயரம் 130 சென்ரிமீற்றர், எடை 35 கிலோ. உடற்திணிவுச் சுட்டி, அதாவது கிலோவில் உள்ள எடையை மீற்றரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வருவது, 20.7. உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி வரைபடத்தில் அது உடற்பருமன். இரண்டு வருடத்தில் அவன் 140ஐத் தொடும்போதும் எடை அதே 35 என்றால் சுட்டி 17.9. அந்த வயதுக்கு அது ஆரோக்கியமான அளவு. ஒரு கிராம்கூடக் குறையவில்லை.

போன வருடம் இதே இணைப்பு பிள்ளைகளுக்கும் சுட்டி 25தான் எல்லை என்று எழுதியது. அது வளர்ந்தவர்களின் கணக்கு. அந்தக் கணக்குப்படி மேலே சொன்ன பையனுக்கு எடை சரி! பிள்ளைக்கு வயதையும் ஆணா பெண்ணா என்பதையும் வைத்துத்தான் வரைபடம் பார்க்க வேண்டும். அதற்கு முந்தைய ‘கொழுகொழு குழந்தை’ படப்போட்டியைப் பற்றிப் பேசாமல் விடுகிறேன்.

இரவுச் சாப்பாட்டை நிறுத்தினால் என்ன நடக்கும் என்று கிளினிக்கில் இருப்பவர்களுக்குத் தெரியும். ஏழரைக்கு டியூசன் முடிந்து வருகிற பிள்ளை பசியில் பிஸ்கட் டின்னைத் திறக்கும். மறுநாள் காலையில் வேன் வந்துவிடும், சாப்பிட நேரமில்லை. இடைவேளையில் கன்டீனில் இரண்டு ரோல்ஸும் ஒரு பணிஸும். குறைத்ததாக நினைத்ததைவிடக் கூடவே உள்ளே போய்விடும்.

கை வைக்க வேண்டியது பால்தேத்தண்ணியில். ஒரு கோப்பைக்கு இரண்டு தேக்கரண்டி சீனி, நாளுக்கு மூன்று கோப்பை. ஆறு கரண்டி, 30 கிராம். 1600 கலோரி தேவைப்படும் பிள்ளைக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் உச்சம் 40, இன்னும் நல்லது 20. பணிஸும் ஜூஸும் இந்தக் கணக்கில் இன்னும் சேரவில்லை. ஒரேயடியாக நிறுத்தினால் பிள்ளை கோப்பையைத் தள்ளிவிடும். வாரத்துக்கு அரைக்கரண்டி குறைத்தால் நாக்குப் பழகும். அப்பாவும் அப்பம்மாவும் சேர்ந்து குறைக்க வேண்டும். ஒரு பிள்ளைக்கு மட்டும் சீனியில்லாத தேத்தண்ணி என்றால் அது தண்டனை.

தட்டில் பாதிக்கு மரக்கறியும் கீரையும், கால்வாசி மீன் அல்லது பருப்பு, சோறு கடைசியாக மீதி இடத்துக்கு. இரண்டாம் முறை கேட்டால் பதினைந்து நிமிடம் பொறுக்கச் சொல்லலாம். வயிறு நிறைந்த செய்தி மூளைக்குப் போக நேரம் எடுக்கும்.

குளிர்பானப் போத்தலில் சீனி அளவைக் காட்டும் நிறக்குறியை நம்பியும் ஏமாறுகிறார்கள். 2016இல் அது வந்தபோது 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால்தான் சிவப்பு, 2 முதல் 11 வரை செம்மஞ்சள். 10 கிராம் உள்ள பானம் 250 மில்லிலீற்றர் குடித்தால் ஐந்து கரண்டி சீனி. போத்தலில் சிவப்பு இல்லை என்று அம்மா நிம்மதியாக வாங்கிக் கொடுப்பார்.

நாளுக்கு ஒரு மணித்தியாலம் வியர்க்க விளையாட வேண்டும். வெள்ளவத்தை ஒழுங்கையில் எங்கே என்று பெற்றோர் கேட்பார்கள், நியாயம்தான். ஆனால் சனி ஞாயிறு முழுக்க டியூசனுக்குக் கொடுப்பவர்களும் அவர்களேதான். பத்தரைக்குப் படுத்து ஐந்தேகாலுக்கு எழும்பினால் ஏழு மணித்தியாலம்கூட இல்லை. பள்ளிப் பிள்ளைக்கு 9 வேண்டும். தூக்கம் குறைந்தால் பசி கூடும்.

இன்னொன்று, கழுத்து மடிப்பில் தடித்த கறுப்பு. அழுக்கு என்று தேசிக்காய்த் தோலால் தேய்த்துத் தேய்த்துத் தோலைப் புண்ணாக்கிக்கொண்டு வருகிறார்கள். அது தேய்த்துப் போகாது. உடலில் இன்சுலின் சரியாக வேலை செய்யாததற்கான அடையாளமாக இருக்கலாம், இரத்தப் பரிசோதனை வேண்டும். குறட்டை விட்டாலும், வயதுக்கு உயரம் கட்டையாக இருந்தாலும் வைத்தியரிடம் காட்ட வேண்டும். இதற்குத் தங்கள் இணைப்பில் இதுவரை இடம் கிடைக்கவில்லை, ராசிபலனுக்கு ஒரு முழுப்பக்கம்.

கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அந்த 5 கிலோ வரி தவறு என்று அடுத்த ஞாயிறு, அதே பக்கத்தில், அதே எழுத்தளவில் போடுங்கள். இடம் மிஞ்சினால், மாதம் ஒருமுறை ஒரே தராசில் நிறுக்கவும், உயரத்தையும் சேர்த்து அளக்கவும் என்று ஒரு வரி. விளம்பரத்தை எடுக்கச் சொல்லவில்லை, வேறு பக்கத்துக்காவது மாற்றிவிடுங்கள்.

போஷாக்கு ஆலோசகர் ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 6.