நெடுந்தீவுப் படகில எங்களுக்கு இடம் இருந்தது, ஆச்சிக்கு இல்லை

நெடுந்தீவுப் படகுச் சேவையையும் தீவுச் சுற்றுலாவையும் பாக்கிற பொறுப்பில இருக்கிற பெரியாக்களுக்கு,

வணக்கம். நான் யாழ்ப்பாணம்தான், ஆனா நெடுந்தீவுக்குப் போன லீவிலதான் முதன்முதலாப் போனனான், மச்சாள் குடும்பத்தோட ஒன்பது பேர். விடிய இருட்டோட பஸ் ஏறி வேலணை, புங்குடுதீவு தாண்டி குறிகட்டுவானில இறங்கினா துறை முழுக்கச் சனம். நயினாதீவுக்குப் போறவை ஒரு பக்கம், எங்களை மாதிரி தொப்பியும் கூலிங்கிளாசுமா நெடுந்தீவுக்கு நிக்கிறவை மற்றப் பக்கம், தள்ளுமுள்ளுப்பட்டு ஒரு மாதிரி ஏறி இருந்திட்டம்.

அப்பதான் ஒரு ஆச்சி வந்தா. யாழ்ப்பாணத்தில மருந்தெடுத்துப்போட்டு வீட்டை திரும்பிறாவாம், கையில மருந்துப் பை, காலடியில ஒரு அரிசிப் பை. ஆள் நிறைஞ்சிட்டுது, அடுத்த படகில வாங்கோ எண்டு சொல்லிப்போட்டு கயித்தைக் கழட்டிப்போட்டாங்கள். ஒருத்தர் எண்டாலும் எழும்பி இடம் குடுத்திருக்கலாம், நானும் எழும்பேல்லை, அதுதான் இண்டைக்கும் மனசுக்குள்ள கிடந்து குடையுது. "பரவாயில்லைப் பிள்ளையள், பாத்திட்டு வாங்கோ" எண்டு கை காட்டினா.

எங்களுக்கு அது டூர், அவைக்கு அதுதான் பஸ், வேற வழி இல்லை. லீவு நாளில பாக்க வாறவைக்கு எண்டு வேற ஒரு படகு விடேலாதா? காசு கூட எடுங்கோ, குடுக்கிறம். ஊர்ச்சனம் ஏறின பிறகுதான் மற்றவை எண்டு ஒரு ஒழுங்கு வைச்சாலே பாதிப் பிரச்சினை தீர்ந்திடும்.

மற்றது, தங்கிற விசயம். ஒரு மணித்தியாலம் கடலில குலுங்கிப் போய் இறங்கினா, திரும்புற படகைப் பிடிக்க ஓட்டோவில ஓட்டமும் நடையும்தான். பவளக்கல்லை அடுக்கிக் கட்டின மதில், மட்டக்குதிரையள், ஒல்லாந்தற்ற கோட்டை எல்லாம் ஓடுற ஓட்டத்தில பாத்ததுதான். பெருக்கமரத்துப் பொந்துக்குள்ள பிள்ளையள் நுழைஞ்சு நிக்க ஓட்டோக்கார அண்ணை "படகு போயிடும், படகு போயிடும்" எண்டு கத்துறார். கடற்கரையில கால் நனைச்சது பத்து நிமிசம் வருமோ தெரியாது. அந்த அண்ணைதான் சொன்னார், தெரிஞ்ச வீட்டில ஒரு அறை இருக்கு, ஃபேன் இருக்கு, இரவுக்குப் புட்டும் நண்டுக்கறியும் தருவினம் எண்டு. எங்களுக்கு அது முதலே தெரியாது. அப்பிடி அறை குடுக்கிற வீடுகளின்ர விபரத்தையும் படகு நேரத்தையும் துறையில ஒரு போர்டில எழுதிப்போட்டா இரவு தங்கி ஆறுதலாப் பாப்பம், காசும் தீவுக்குள்ளயே நிக்கும்.

பெரிய ஹோட்டல், ஸ்விம்மிங் பூல் எண்டு ஏதும் யோசனை இருந்தா மட்டும் தயவுசெய்து விட்டிடுங்கோ. கனக்கக் கிணறு உவர், வரட்சி வந்தா குதிரையளே தண்ணியில்லாமல் சாகுதுகள்.

அடுத்த லீவுக்கு முதல் அந்தப் படகு விசயத்தையாவது பாருங்கோ.

இப்படிக்கு,
அந்த ஆச்சியின்ர இடத்தில இருந்து போன ஒருத்தி