வெயிலை நம்பி அருவியில் இறங்கலாமா?

ஆசிரியருக்கு,

மணிமுத்தாறு அருவியில் நீர்வரத்து அதிகரித்ததால் குளிக்கத் தடை என்ற செய்தியையும், நல்ல வெயிலில் எதற்குத் தடை என்று சிலர் அலுத்துக்கொண்டதையும் படித்தேன். தடை சரிதான். கீழே வெயில் காய்ந்தாலும், மேலே மாஞ்சோலைப் பக்கம் மழை கொட்டினால் அந்தத் தண்ணீர் இங்கேதான் வந்து விழும். சில ஆண்டுகளுக்கு முன், களக்காட்டுப் பக்கம் ஓடையோரமாகவே அருவிக்கு நடந்தோம். கண்ணாடிபோல் இருந்த தண்ணீர் திடீரெனக் கலங்கியது. சருகும் சுள்ளியும் மிதந்து வந்தன. பிள்ளைகளைக் கரையேற்றி முடிப்பதற்குள், அவர்கள் செருப்பைக் கழற்றி வைத்திருந்த பாறை முழுகிவிட்டது. இன்று நினைத்தாலும் கை நடுங்குகிறது.

‘தண்ணீர் கலங்கினால் உடனே மேலேறுங்கள்’ என்று பெரிய எழுத்தில் அருவிக்கரையிலேயே வனத்துறை பலகை வைக்க வேண்டும்.

– ஒரு வாசகர், கல்லிடைக்குறிச்சி