இரண்டாம் வகுப்பிலேயே கேட்டிருக்கலாம்

கொங்கு மாவட்டங்களின் சுகாதார அலுவலர்களுக்கு,

வணக்கமுங்க. கோபிப் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில் நான்காம் வகுப்பு எடுக்கிற டீச்சர் நான். போன தை மாதம் மத்தியானச் சோத்துக்கு மணி அடித்தும் ஒரு பிள்ளை பெஞ்சை விட்டு எழவில்லை. பாவாடையெல்லாம் ரத்தக் கறை. வயது 9. அடிபட்டுவிட்டது என்றே நினைத்து அழுதாள்.

பிள்ளை வயதுக்கு வந்த சேதி கேட்டு ஒறம்பரை, சொந்தபந்தமெல்லாம் கூடிவிட்டது. “ஊசி போட்டு வளத்தற பிராய்லர் கோழியா வாங்கிப் போட்டா இப்படித்தான் சீக்கிரம் வயசுக்கு வருவா” என்று அம்மாயி மகளைத் திட்டினார். பல்லடத்துக் கோழி ஆறு வாரத்தில் இரண்டு கிலோ ஆவது இனத்தேர்வாலும் தீனியாலும்; ஊசியால் அல்ல. சொன்னால் யார் கேட்கிறார்கள்?

பிள்ளையின் அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: “இவ வயித்துல இருக்கறப்ப எனக்குச் சக்கரை இருந்துதுங் டீச்சர். நானும் பதினொண்ணுலயே பெரிய மனுசி ஆனவதான்.”

யாரும் கேட்காத சேதி இதுதான். தாய் சீக்கிரம் வயதுக்கு வந்திருந்தால் மகளும் சீக்கிரம் வருவது வழக்கம். கர்ப்பத்தில் சர்க்கரை, கர்ப்பத்துக்கு முன்பே கூடுதல் எடை, கர்ப்பத்தில் புகைபிடித்தல், இவற்றுக்கும் மகளின் சீக்கிரப் பூப்புக்கும் தொடர்பு இருப்பதை ஆய்வுகள் காட்டுகின்றன. எடை குறைந்து பிறந்து, பிறகு சடுதியில் எடை ஏறும் பிள்ளைகளுக்கும் அப்படித்தான். தொடர்பு என்றுதான் சொல்கிறேன், விதி என்று சொல்லவில்லை. அம்மாக்கள் மேல் போட இன்னொரு பழி எனக்கு வேண்டாம்.

நம் மாநிலத்தில் 2007 முதலே கர்ப்பிணிகள் எல்லாருக்கும் சர்க்கரை பார்க்கிறார்கள். 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து எடுக்கும் ரத்தத்தில் சர்க்கரை 140 அல்லது அதற்கு மேல் இருந்தால் கர்ப்பிணி அட்டையில் ஏறிவிடும். பிரசவம் முடிந்ததும் அட்டை அரிசி டப்பாவுக்கு அடியில் போய்விடுகிறது. பள்ளிக்கு வரும் மருத்துவக் குழு உயரம், எடை, பல், கண் எல்லாம் பார்க்கிறது. அட்டையில் என்ன இருந்தது என்று கேட்பதில்லை.

மார்பு வளரத் தொடங்கி இரண்டு, இரண்டரை வருடம் கழித்துத்தான் தீட்டு வரும். அப்படியானால் இவளுக்கு ஏழு வயதிலேயே தொடங்கியிருக்க வேண்டும். எட்டுக்கு முன் தொடங்கினால் மருத்துவர் பார்க்க வேண்டிய விஷயம். சில பிள்ளைகளுக்கு ஊசி போட்டுத் தள்ளிவைக்கவும் வழி உண்டு. விட்டுவிட்டால் எலும்பு சீக்கிரம் முற்றி வளர்த்தி நின்றுவிடலாம். அவள் இரண்டாம் வகுப்பில் இருந்தபோது தினமும் அவளைப் பார்த்தவள் நான். எனக்கும் தெரியவில்லை.

அதனால் கேட்கிறேன். கர்ப்பத்தில் சர்க்கரை இருந்த தாய்மார்களின் மகள்களை ஆறு, ஏழு வயதில் கிராம சுகாதார செவிலியர் ஒருமுறை பார்க்கட்டும். தாய் எந்த வயதில் பெரியவளானார் என்றும் கேட்கட்டும். அந்த விவரம் செவிலியரோடு இருக்கட்டும், பள்ளிப் பலகைக்கு வர வேண்டாம். இன்னொன்று: அரசு நாப்கின் 10 வயதிலிருந்துதான் கணக்கு. என் வகுப்பு அலமாரியில் இருப்பது என் காசில் வாங்கியது.

தெரட்டிச் சடங்கு முடிந்து பிள்ளை திரும்பி வந்துவிட்டாள், வகுத்தல் கணக்கில் பின்தங்கியிருக்கிறாள். அடுத்த முறை உங்கள் வண்டி வரும்போது சொல்லியனுப்புங்க. எங்கள் பள்ளி இரண்டாம் வகுப்பில் பெண் பிள்ளைகள் பதினோரு பேர். அம்மாக்களிடம் அட்டையைத் தேடி எடுத்து வைக்கச் சொல்லிவிட்டேன்.