எங்கள் மகனுக்காகக் கூட நின்றவர்களுக்கு

எங்கள் மூத்தவனுக்கு 12 வயது. அடிதடி, களவு, பள்ளிக்கூடம் போகாமல் காலிமுகத்திடலில் சுற்றுவது என்று அவன் இருந்த காலத்தில், கொழும்பு கொட்டாஞ்சேனையில் எங்களைக் கண்டு முகம் திருப்பாதவர்கள் கொஞ்சப் பேர்தான். அந்தக் கொஞ்சப் பேருக்குத்தான் இந்த மடல்.

முதலில் பொரளை சீமாட்டி றிஜ்வே சிறுவர் வைத்தியசாலையின் மனநலப் பிரிவினருக்கு. மருந்து எழுதித் தந்து அனுப்புவார்கள் என்று நினைத்துத்தான் போனோம். டொக்டரோ, அடிதடி, களவு என்று தொடரும் இந்த நடத்தைக் கோளாறைத் தீர்க்க மாத்திரை கிடையாது, அவனுக்குக் கூடவே இருக்கும் ஏடிஎச்டி என்ற கவனக்குறைவு, மிகைத்துடிப்புக் கோளாறுக்கு மட்டும் மருந்து தருகிறேன் என்றார். மிச்சமெல்லாம் எங்களுக்கான பயிற்சி. ஒரு நேரத்தில் ஒரே ஒரு கட்டளை, அதுவும் கத்தாமல். செய்தால் அந்த நிமிடமே பாராட்டு. செய்யாவிட்டால் அன்றைக்கு ரீவி இல்லை, அவ்வளவுதான். அடி கூடவே கூடாது. கேட்க லேசு! நாள் முழுக்கக் கடையில் நின்றுவிட்டு வந்து இரவில் செய்து பாருங்கள். தொடக்கத்தில் அவன் இன்னும் மோசமாகக் கத்துவான், விட்டுக்கொடுக்காதீர்கள் என்று முன்கூட்டியே எச்சரித்தார்களே, அதற்குத் தனி நன்றி. சிங்களத்தில் எனக்கு ஓடாததையெல்லாம் தமிழில் விளங்கப்படுத்திய தாதி மிஸ்ஸுக்கும்தான்.

சொந்தக்காரர் ஒருவர் இராணுவப் பயிற்சி மாதிரி முகாமுக்கு அனுப்பச் சொன்னார். அதை மறித்தவர் இலண்டன் சித்தப்பா. அங்கு எந்த நோய்க்கு என்ன சிகிச்சை என்று வழிகாட்டும் நைஸ் (NICE) நிறுவனம் நடத்தைக் கோளாறு பற்றி 2013இல் வெளியிட்ட வழிகாட்டலை வாசித்து, 11 முதல் 17 வயதுப் பிள்ளைகளுக்கு வீடு, பள்ளிக்கூடம், அக்கம்பக்கம் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் சிகிச்சை செய்கிறார்கள் என்று போனில் விளக்கினார். குழப்படிக்காரப் பெடியன்களை ஒன்றாக அடைத்தால் ஒருவனிடம் ஒருவன் பழகிக் கெடுவான் என்றும் சொன்னார். சரிதானே?

பழைய பள்ளிக்கூடம் விடுகைப் பத்திரத்தை நீட்டிய பிறகு அவனை ஏற்றுக்கொண்ட புதிய வகுப்பு ரீச்சருக்கு என்ன சொல்வது! தினமும் ஒரு சின்ன அட்டையில், யாரையும் அடிக்கவில்லை, பாடத்துக்கு இருந்தான் என்று கையெழுத்திட்டு அனுப்புகிறார். அதைப் பார்த்துத்தான் மாலையில் கிரிக்கெட். சண்டை கிளம்பு முன் வேறென்ன செய்திருக்கலாம் என்று அவனோடு உட்கார்ந்து யோசிக்கும் ஆலோசகர் சேருக்கும் நன்றி.

அப்புறம் அம்மம்மா. பேரனுக்கு இரகசியமாகக் காசு கொடுப்பதை நிறுத்தியதுதான் இந்த வீட்டிலேயே பெரிய தியாகம்.

போன தவணையிலும் ஒரு முறைப்பாடு வந்தது, கிளினிக் தொடர்கிறது. இதே நிலையில் இருக்கும் பெற்றோர் 1926 என்ற மனநல உதவி இலக்கத்துக்கு அழைத்துப் பாருங்கள்.