உன் அரை நிமிடம் எங்கே போய்ச் சேர வேண்டும்?

குன்னூர்

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் திங்கட்கிழமை கிடைத்தது. உன் தேயிலைத் தொழிற்சாலை கைமாறுகிறது, அலுவலகத்தில் பாதிப் பேரை நிறுத்தப்போகிறார்கள் என்று நீ எழுதியிருந்த பக்கத்தைப் படித்துவிட்டு நெடுநேரம் வேறு வேலை ஓடவில்லை. இத்தனை ஆண்டு ஒரே நாற்காலியில் இருந்து இலைக் கணக்குப் பார்த்தவளை ஒரு மாத அறிவிப்பில் அனுப்புகிறார்கள் என்றால் மனம் எப்படி ஆறும்? ஆனாலும் நீ அழுது எழுதவில்லை. "அடுத்து என்ன செய்யலாம், சொல்" என்று எழுதியிருக்கிறாய். அந்த ஒரு வரிக்காகவே இந்தக் கடிதம் நீளப்போகிறது.

இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி குளிர் கூடும்போது கூடுகிறது. மகள் கோவையில் கடைசி ஆண்டில் இருக்கிறாள். மழை விடாமல் பெய்து, தண்டவாளத்தில் மண் சரிந்ததால் மலை ரயிலை நிறுத்தியிருக்கிறார்கள். மேட்டுப்பாளையம் சாலையிலும் பஸ்கள் ஊர்ந்துதான் வருகின்றன. இவை போதும், உன் விஷயத்துக்கு வருகிறேன்.

உதகையில் நடக்கும் தனியார் துறை வேலைவாய்ப்பு முகாமில் சொல்வதற்காக நீ எழுதி அனுப்பிய அறிமுகத்தைப் படித்தேன். "பி.காம். படித்திருக்கிறேன். கடின உழைப்பாளி. பொறுப்பானவள். எந்த வேலை கொடுத்தாலும் செய்வேன். தங்கள் நிறுவனத்தில் ஒரு வாய்ப்பு கொடுத்தால் நன்றியுடன் இருப்பேன்." இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை என்பது எனக்குத் தெரியும். உன்னைக் கல்லூரி நாளிலிருந்து அறிந்த எனக்கு மட்டும்தான் தெரியும். நான் வேலை பார்க்கும் தங்கும் விடுதியின் அலுவலகத்தில் ஆள் எடுக்கும் பொறுப்பு என்னிடம் வந்த பிறகு, இதே வாக்கியங்களை வருகிறவர்கள் எல்லோரும் சொல்லக் கேட்கிறேன். நல்ல பிள்ளைகள்தான். ஆனால் அவர்கள் கதவைத் தாண்டிப் போனதும் யார் எவர் என்று எனக்கு நினைவில் நிற்பதில்லை. பக்கத்து விடுதியிலிருந்து "கணக்குக்கு ஆள் இருந்தால் சொல்லுங்கள்" என்று கேட்கும்போது, சொல்வதற்கு என்னிடம் ஒன்றும் இருப்பதில்லை.

நான் உனக்குச் சொல்ல விரும்புவது இதைத்தான். நீ பேசப்போகிறவர்களில் பெரும்பாலோர் வேலை கொடுப்பவர்களாக இருக்கமாட்டார்கள். வேலை கொடுப்பவரை அறிந்தவர்களாக இருப்பார்கள். நீ விடைபெற்ற பிறகு, மாலையிலோ மறுநாளோ, அவர் இன்னொருவரிடம் உன்னைப் பற்றி ஒரே ஒரு வாக்கியம் சொல்வார். அந்த வாக்கியம் என்னவாக இருக்க வேண்டும் என்பதை முதலில் முடிவு செய். உன் அரை நிமிடப் பேச்சு முழுவதும் அதை அவர் கையில் கொடுப்பதற்காகத்தான். "பொறுப்பான பெண்ணாம்" என்று யாரும் யாரிடமும் போய்ச் சொல்வதில்லை.

அப்படியானால் என்ன சொல்வார்கள்? நீயே எனக்கு ஒரு முறை சொல்லியிருக்கிறாய், இந்த அறிமுகத்தில் அதைக் காணோம். மழைக்காலத்தில் இலை நனைந்து வரும்போது ஈரத்துக்காக எடையில் கழிப்பார்கள். எவ்வளவு கழித்தார்கள் என்று தெரியாமல் விவசாயிகள் மாதக் கடைசியில் உன் மேசைக்கு முன்னால் வந்து சண்டை போடுவார்கள். நீதான் எடை போட்ட இடத்திலேயே மொத்த எடை, கழிவு, நிகர எடை மூன்றையும் எழுதி, கையெழுத்து வாங்கி, சீட்டின் ஒரு படியை அவர்களிடமே கொடுக்கும் வழக்கத்தைக் கொண்டுவந்தாய். அதன் பிறகு அந்தச் சண்டை அநேகமாக நின்றது என்றாய். ஏறத்தாழ 400 சிறு விவசாயிகளுக்கு மாதாமாதம் பணம் பட்டுவாடா செய்தவள் நீ. தேயிலை வாரியம் அந்த மாதத்துக்கான பசுந்தேயிலை விலையை அறிவித்ததும், முன்பணம் போக மிச்சத்தைக் கணக்குப் போட்டவள் நீ. நூறு கிலோ இலை உள்ளே வந்தால் 22 முதல் 25 கிலோ வரை தூள் வெளியே வர வேண்டும். குறைந்தால் எங்கே குறைந்தது என்று தேடியவளும் நீ. இவற்றை விட்டுவிட்டு 'பொறுப்பானவள்' என்று ஒரு சொல்லை வைத்திருக்கிறாய்.

ஏன் விட்டாய் என்பதும் எனக்குப் புரிகிறது. தன்னைப் பற்றித் தானே பேசுவது அழகல்ல என்று சொல்லித்தான் நம் இருவரையும் வளர்த்தார்கள். அந்த வளர்ப்பை நான் குறையாக நினைக்கவில்லை, இன்றும் மதிக்கிறேன். ஆனால் எது தற்புகழ்ச்சி என்று யோசித்துப் பார். 'கடின உழைப்பாளி' என்பது நீ உனக்குக் கொடுத்துக்கொள்ளும் சான்றிதழ். 'எடைச் சீட்டு முறையைக் கொண்டுவந்தேன்' என்பது நடந்த செய்தி. நீ கூச்சப்பட வேண்டியது முதலாவதைச் சொல்வதற்கு; இரண்டாவதைச் சொல்லக் கூச்சமே வேண்டாம். கேட்பவருக்கு அது தேவையான தகவல், அதை மறைத்தால் அவருக்கும் நட்டம்.

நான் எழுதிப் பார்த்தது இது. அப்படியே எடுத்துக்கொள்ளாதே, உன் வாய்க்கு ஏற்றபடி மாற்று.

"வணக்கம். கோத்தகிரியில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் இலைக் கணக்குப் பார்க்கிறேன். மாதாமாதம் 400 விவசாயிகளுக்குப் பணம் பட்டுவாடா செய்வது என் பொறுப்பு. மழைக்காலத்தில் எடைத் தகராறு வராமல் இருக்க, எடை போட்ட இடத்திலேயே சீட்டு கொடுக்கும் முறையைக் கொண்டுவந்தேன். தொழிற்சாலை கைமாறுவதால், சரக்கும் பணமும் சேர்ந்த கணக்கு வேலை தேடுகிறேன். உங்களுக்குத் தெரிந்தவர்களில் அப்படிப்பட்ட வேலையைப் பார்ப்பவர் யாரிடமாவது பத்து நிமிடம் பேச முடியுமா?"

ஐம்பது சொற்களுக்குள் அடங்கிவிட்டது, நிதானமாகச் சொன்னாலும் அரை நிமிடத்தைப் பெரிதாகத் தாண்டாது. ஆங்கிலத்தில் சாதாரணப் பேச்சு நிமிடத்துக்கு 130 முதல் 150 சொற்கள் வரை போகும் என்பார்கள். தமிழில் சொற்கள் நீளமானவை, அவ்வளவு கொள்ளாது. ஆகவே இதற்கு மேல் ஒரு வாக்கியம் சேர்க்கத் தோன்றினால் இருப்பதில் ஒன்றை எடுத்துவிடு. வேலை போன காரணத்துக்கு ஒரு பாதி வாக்கியம்தான், கவனித்தாயா? யார் வாங்கினார்கள், யாரை வைத்துக்கொண்டார்கள் என்பதெல்லாம் என்னிடம் எவ்வளவு வேண்டுமானாலும் சொல். முகாமில் வேண்டாம். அங்கே அரை நிமிடத்தில் மனக்குறையை எடுத்தால், கேட்பவருக்கு அதுதான் நினைவில் தங்கும்.

கடைசி வரியை நீ ஏற்கமாட்டாய் என்று எனக்குத் தெரியும். "வேலை கொடுங்கள் என்று நேரே கேட்காமல் இதென்ன?" என்பாய். வேலை கொடு என்று கேட்டால், கொடுக்கும் நிலையில் இல்லாதவர் "பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டு ஒதுங்குவார். ஒருவரை அறிமுகப்படுத்துங்கள் என்று கேட்டால் அது அவரால் முடிகிற காரியம். முடிகிற உதவியைக் கேட்டால் மனிதர்கள் மகிழ்ச்சியோடு செய்கிறார்கள், அதை நான் நம்புகிறேன். 'எந்த வேலை கொடுத்தாலும் செய்வேன்' என்பதைக் கண்டிப்பாக எடுத்துவிடு. பணிவாக இருக்கட்டும் என்று எழுதியிருக்கிறாய். ஆனால் எந்த வேலைக்கு உன்னை நினைவு வைத்துக்கொள்வது என்று கேட்பவருக்குத் தெரியாமல் போகிறது.

"சிபாரிசு செய்ய எனக்கு யார் இருக்கிறார்கள்?" என்று கேட்டிருந்தாய். 1964 சிரிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து பெட்டியோடு வந்து இறங்கிய குடும்பம் உன்னுடையது. எந்த அலுவலகத்திலும் உனக்கு ஒரு மாமாவோ சித்தப்பாவோ உட்கார்ந்திருக்கவில்லை. நீ படித்ததும் வேலைக்குச் சேர்ந்ததும் உன் சொந்தக் காலில் நின்றுதான். அதை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் சிபாரிசு என்றால் நெருங்கிய உறவு என்று மட்டும் நினைக்காதே. மார்க் கிரானோவெட்டர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1973இல் ஒரு கட்டுரை எழுதினார். பாஸ்டன் நகரை ஒட்டிய பகுதியில் வேலை மாறியவர்களிடம் விசாரித்ததில், தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்தவர்களில் 16.7 விழுக்காட்டினர்தான் அந்த நபரை அடிக்கடி சந்தித்துவந்தார்கள். 55.6 விழுக்காட்டினர் எப்போதாவது சந்தித்தவர்கள், 27.8 விழுக்காட்டினர் அரிதாகச் சந்தித்தவர்கள். 2022இல் சயன்ஸ் இதழில் வந்த ஆய்வும் இதே திசையில்தான் பேசுகிறது. லிங்க்ட்இன் தளத்தில் 2 கோடிப் பேரை வைத்துப் பார்த்தபோது, மிக நெருங்கியவர்களைவிட ஓரளவு தள்ளி இருப்பவர்களே வேலை மாறுவதற்கு அதிகம் உதவியிருக்கிறார்கள். காரணம் எளிது. நானும் நீயும் ஒரே செய்தியைத்தான் அறிவோம். நமக்குத் தெரியாத இடங்களுக்குப் போய் வருகிறவர்களுக்குத்தான் நமக்குத் தெரியாத செய்தி தெரியும்.

உன் மேசைக்கு வந்து போனவர்களை நினைத்துப் பார். வங்கியில் பட்டுவாடாப் பட்டியலை வாங்கிக்கொள்பவர். இங்கே குன்னூரில் ஏலத்துக்குத் தூள் அனுப்பும்போது நீ தொலைபேசியில் பேசும் தரகர் அலுவலக எழுத்தர். இயந்திரம் பழுது பார்க்கக் கோவையிலிருந்து வரும் மெக்கானிக். காகிதச் சாக்கு கொண்டுவருபவர். எல்லோரையும்விட முக்கியம், ஆண்டு முடிவில் வரும் ஆடிட்டர். அவர் இந்த மலையில் எத்தனை தொழிற்சாலைகளின் கணக்கைப் பார்க்கிறார்! எங்கே ஆள் குறைகிறது, எங்கே கணக்கு சீராக இல்லை என்று அவரைவிட அறிந்தவர் யார்? உன் கணக்கு எப்படி இருக்கும் என்பதும் அவருக்குத் தெரியும். முகாமுக்கு முன்னால் நீ பேச வேண்டியது அவரிடம்தான்.

ஆளுக்கு ஏற்ப இரண்டாவது வாக்கியத்தை மட்டும் மாற்று. ஆடிட்டருக்கு இலைக் கணக்கு என்றால் புரியும். உதகை முகாமுக்குக் கோவையிலிருந்தும் திருப்பூரிலிருந்தும் வருகிறவர்களுக்குப் புரியாது. அவர்களிடம் "உள்ளே வரும் சரக்கையும் வெளியே போகும் சரக்கையும் தினமும் எடை ஒப்பிட்டு, 400 பேருக்குப் பணம் பட்டுவாடா செய்கிறேன்" என்று சொல். நூல் உள்ளே வந்து துணி வெளியே போகும் இடத்தில் இருப்பவருக்கு அது உடனே தன் வேலையாகத் தெரியும்.

ஒரு கேள்வியோடு தொடங்கு, வியப்பூட்டும் ஒரு வரியைச் சொல்லி நிறுத்து என்றெல்லாம் வேலை தேடுபவர்களுக்கு அறிவுரை சொல்கிறார்கள். நீ அதைச் செய்யாதே. நம் மலையில் யாரைச் சந்தித்தாலும் முதலில் வருவது "எந்த ஹட்டி, எந்த எஸ்டேட்?" என்று ஊரைக் கேட்கும் கேள்விதான். அதைவிட நல்ல தொடக்கம் எது? "கோத்தகிரி, தேயிலைத் தொழிற்சாலையில் இலைக் கணக்கு" என்று பதில் சொன்னாலே உன் அறிமுகம் ஆரம்பித்துவிடுகிறது. முகாமில் வரிசை நீளமாக இருக்கும், ஒரு மேசையில் உனக்குக் கிடைப்பது ஓரிரு நிமிடம். அரை நிமிடம் பேசிவிட்டு நிறுத்து. மிச்ச நேரம் அவர் கேட்பதற்கு.

வரிக்கு வரி மனப்பாடம் செய்யாதே. ஒரு சொல் தவறினால் நின்றுவிடுவாய், கல்லூரிப் பேச்சுப் போட்டியில் உனக்கு அப்படித்தான் நடந்தது. என்ன செய்கிறாய், எதைச் சரி செய்தாய், எதைத் தேடுகிறாய், என்ன கேட்கிறாய் என்ற வரிசை நினைவில் இருந்தால் போதும். தொலைபேசியில் பதிவு செய்து கேள். எங்கே குரல் தாழ்கிறது என்று கவனி. உனக்கு அநேகமாக நானூறு என்ற இடத்தில்தான் தாழும், அங்கேதான் நிமிர்ந்து சொல்ல வேண்டும். கோவை நிறுவனத்தார் சிலர் ஆங்கிலத்தில் கேட்பார்கள். அதற்கும் இதே ஐந்தாறு வாக்கியங்களை உனக்கு வருகிற சின்னச் சின்ன ஆங்கிலத்தில் தயார் செய், மகளிடம் சொல்லி ஒரு முறை பார்த்துத் தரச் சொல்கிறேன். பேசி முடித்த அன்றே மூன்று வரி வாட்ஸ்அப் செய்தியாக அதை அவருக்கு அனுப்பிவிடு. அவர் வேறொருவருக்கு அப்படியே தள்ளிவிடலாம். அவர் வாய் வழியே போக வேண்டிய வாக்கியம் எழுத்தாகவே போய்ச் சேரும்.

எங்கள் விடுதியில் இப்போதைக்குக் கணக்குப் பிரிவில் இடம் இல்லை. இருந்திருந்தால் இந்தக் கடிதத்துக்குப் பதில் உன் வீட்டு வாசலுக்கே வந்திருப்பேன். ஆனால் கொள்முதல் பார்ப்பவர் ஒருவர் குன்னூரில் பல விடுதிகளுக்குப் பழக்கமானவர். நேற்று அவரிடம் உன்னைப் பற்றிச் சொன்னேன். நீ அனுப்பிய அறிமுகத்தைச் சொல்லவில்லை, எடைச் சீட்டைச் சொன்னேன். "யார் அந்தப் பெண், எண் கொடுங்கள்" என்று அவராகவே கேட்டார். உன்னிடம் கேட்காமல் கொடுக்கவில்லை. சரி என்றால் ஒரு வரி எழுது.

சனிக்கிழமைக்குள் ஆடிட்டரிடம் பேசிவிடு. பேசியதும், அவர் உன்னைத் திருப்பி என்ன கேட்டார் என்பதை மறக்காமல் குறித்து எனக்கு அனுப்பு. அதை வைத்து முகாமுக்கு முன் உன் இரண்டாவது வாக்கியத்தைச் சேர்ந்து திருத்துவோம்.

அன்புடன்,
உன் தோழி